3050 6 ஜிபியா, ஆர்எக்ஸ் 6600-ஆ? பழைய ஆபீஸ் சிபியுவுக்கு எந்த கார்டு?

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் நிறைய வீடுகளில் கேமிங் சிஸ்டமாக ஓடுவது, பெங்களூரு கம்பெனிகள் கழித்துவிட்டு ஓசூர் வழியாக நம்ம ஊர்க் கடைகளுக்கு வந்த ஆபீஸ் கம்ப்யூட்டர்கள்தான். டெல் ஆப்டிப்ளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவா திங்க்சென்டர். உள்ளே நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம். படிக்கவும் பிராஜெக்ட் செய்யவும் குறையே சொல்ல முடியாது. ஜிடிஏ 5 போட்டதும்தான் திணறல் தெரியும். உடனே கிராபிக்ஸ் கார்டு பேச்சு ஆரம்பிக்கும்.

"உங்க பட்ஜெட் எவ்வளவு?" என்றுதான் கடையில் முதலில் கேட்பார்கள். அதற்கு முன் உங்கள் சிபியுவின் பக்கத் தகட்டைக் கழற்றி எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது உள்ளே மின்சாரம் தரும் பெட்டியைப் பாருங்கள். இந்த வகை சிஸ்டத்தில் எந்த கார்டு போடலாம் என்பதைப் பாதிக்குமேல் முடிவு செய்வது அதுதான். மதர்போர்டு ஸ்லாட் ஒரு கார்டுக்கு 75 வாட்ஸ் வரைதான் தரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக ஒரு வயர் வரவேண்டும். 6 பின் என்றால் இன்னொரு 75, 8 பின் என்றால் 150 வாட்ஸ். ஆபீஸ் எஸ்எம்பிஎஸ்களில் அந்த வயர் பெரும்பாலும் இருக்காது. ஆப்டிப்ளெக்ஸ் 9020 டவரில் இருப்பதே 290 வாட்ஸ்தான்.

இந்த இடத்தில் வழி இரண்டாகப் பிரிகிறது. எஸ்எம்பிஎஸ்ஸைத் தொடாமல் கார்டை மட்டும் போடுவது ஒரு வழி. அதற்கு இன்று ஏற்றது என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. எஸ்எம்பிஎஸ்ஸையும் சேர்த்து மாற்றுவது இன்னொரு வழி. அதற்கு ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600.

3050 6 ஜிபி 2024 பிப்ரவரியில் வந்தது. 70 வாட்ஸ் கார்டு. பெரும்பாலான மாடல்களில் பவர் கனெக்டரே கிடையாது, ஸ்லாட்டில் செருகி திருகை முடுக்கினால் வேலை முடிந்தது. ஒரு சில மாடல்களில் கனெக்டர் இருக்கலாம் என்பதால் வாங்கும் முன் கார்டின் மேல் விளிம்பைப் பார்த்துவிடுங்கள். 300 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் போதும் என்பது என்விடியாவின் கணக்கு, ஆப்டிப்ளெக்ஸின் 290 அதை ஒட்டித்தான் வருகிறது. ஒல்லியான கேபினட்டுக்கும் லோ ப்ரொஃபைல் (உயரம் குறைந்த) மாடல் கிடைக்கிறது. பெயரில் மட்டும் கவனம் வேண்டும். 2022-இல் வந்த 3050 8 ஜிபி வேறு கார்டு. அதில் 2560 கோர் (கணக்குப் போடும் சிறு அலகுகள்), மெமரிப் பாதை 128 பிட். 6 ஜிபியில் 2304 கோர், 96 பிட். "அதே 3050தான், ரேம் மட்டும் கம்மி" என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

ஆர்எக்ஸ் 6600 வந்தது 2021 அக்டோபரில். 8 ஜிபி, 132 வாட்ஸ், 8 பின் வயர் கட்டாயம். 1080பியில் 3050 6 ஜிபியைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகம். வேகத்தைவிட அந்த 8 ஜிபிக்கு நான் அதிக மதிப்பு கொடுப்பேன். புது கேம்களில் டெக்ஸ்சரை ஏற்றிவைத்தால் 6 ஜிபி சீக்கிரமே நிரம்பிவிடும். நிரம்பியதும் எஃப்பிஎஸ் (ஒரு நொடியில் வரும் படங்களின் எண்ணிக்கை) சராசரி நன்றாகவே காட்டும், படம் மட்டும் நின்று நின்று நகரும். விளையாடுகிறவனுக்கு அதுதான் எரிச்சல்.

செலவு கார்டோடு நிற்காது. 6600-க்கு 450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்கிறது ஏஎம்டி. கடையில் மலிவாகக் கிடைக்கும் லோக்கல் எஸ்எம்பிஎஸ்ஸிலும் 450 என்றுதான் அச்சடித்திருக்கும். அந்தப் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, ஸ்டிக்கரில் +12வி என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 ஆம்பியர் என்றிருந்தால் 12-ஆல் பெருக்க 192 வாட்ஸ். கார்டும் பிராசஸரும் தின்பது அந்த 12 வோல்ட்டைத்தான். ஐ5 4570-க்கு 84, கார்டுக்கு 132 என்று கூட்டினாலே 216 ஆகிவிடுகிறது. 80 பிளஸ் (மின்சாரத்தை வீணாக்காத திறனுக்கான) முத்திரை உள்ள, பெயர் தெரிந்த கம்பெனி எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கொடுக்கிற பணம் வீணாகாது. நாளைக்கு மதர்போர்டையே மாற்றினாலும் அது கூடவே வரும்.

ஆப்டிப்ளெக்ஸ் 9020 மாதிரி சிஸ்டங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. வழக்கமான 24 பின்னுக்குப் பதிலாக டெல்லின் 8 பின் சாக்கெட்தான் மதர்போர்டில் இருக்கும். 24-இலிருந்து 8-க்கு மாற்றும் கன்வெர்ட்டர் வயர் ஆன்லைனில் கிடைக்கிறது, அதைப் போடலாம். ஆனால் ஹார்ட் டிஸ்குக்குப் போகும் சாட்டா பவர் வயரை 8 பின்னாக மாற்றும் வயரைத் தயவுசெய்து வாங்காதீர்கள். சாட்டா கனெக்டர் 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட்ஸ். அதில் 150 வாட்ஸ் வேலையைச் சுமத்தினால் பிளாஸ்டிக் உருகும், தீப்பிடிக்கவும் செய்யும்.

நம் பக்கம் கிராமங்களில் லோ வோல்டேஜும் திடீர் கரன்ட் கட்டும் இருக்கிறது, அதனால் யூபிஎஸ் கணக்கும் முக்கியம். 600 விஏ யூபிஎஸ் என்றால் 360 வாட்ஸ் சுமார். 6600 போட்ட சிஸ்டம் மானிட்டரோடு சேர்ந்து முழு வேகத்தில் ஓடும்போது பழைய பேட்டரி உடனே கைவிட வாய்ப்பு அதிகம். 3050 6 ஜிபிக்கு இந்தக் கவலை குறைவு. ஈபி பில்லைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டுக்கும் நடுவே 62 வாட்ஸ். தினம் 3 மணி நேரம் விளையாடினாலும் இரண்டு மாதத்துக்கு 11 யூனிட் அளவுதான் கூடும்.

"நாலாம் தலைமுறை ஐ5-இல் 6600 போட்டால் வேஸ்ட்" என்று ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மை. 4570-க்கு 4 கோர், 4 த்ரெட். வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 இரண்டும் பிராசஸரை நம்பி ஓடுபவை, அவற்றில் இரண்டு கார்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் இந்த மதர்போர்டுக்கே ஆயுள் அதிகமில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. நான்காம் தலைமுறையை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. ஒன்றிரண்டு வருடத்தில் சிபியு மாறத்தான் போகிறது. அப்போது புது சிஸ்டத்துக்கு எடுத்துப்போகத் தகுந்த கார்டு 6600.

ஆகவே டவர் கேபினட் என்றால், கொஞ்சம் பொறுத்துப் பணம் சேர்த்து, முதலில் எஸ்எம்பிஎஸ், பிறகு 6600 என்று போகச் சொல்வேன். ஒல்லிக் கேபினட் என்றால் 3050 6 ஜிபி. விதிவிலக்கு ஒன்று: பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி மாதிரி இடங்களில் படித்துக்கொண்டு, அதே சிஸ்டத்தில் கூடா (என்விடியா கார்டில் கணக்கீடு ஓட்டும் முறை), பிளெண்டர் (3டி வரைகலை மென்பொருள்) என்று வேலையும் பார்க்கிற தம்பி, தங்கைகளுக்கு என்விடியாதான் வசதி. குறைந்த ரெசல்யூஷன் படத்தை ஏஐ கொண்டு பெரிதாக்கி வேகம் கூட்டும் டிஎல்எஸ்எஸ்ஸும் அதில் மட்டுமே வரும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜிடிஎக்ஸ் 1650 செகண்ட் ஹேண்டில் நல்ல விலைக்கு வந்தால் மட்டும் பாருங்கள். 4 ஜிபி, ரே டிரேசிங் (ஒளி படும் விதத்தைக் கணக்கிட்டுக் காட்டும்) ஹார்டுவேர் கிடையாது. டூம்: தி டார்க் ஏஜஸ் மாதிரி கேம்கள் அந்த ஹார்டுவேரைக் கட்டாயமாகக் கேட்கின்றன. ஆர்எக்ஸ் 6400, 53 வாட்ஸ்தான் என்று ஆசை காட்டும். ஆனால் அது மதர்போர்டோடு 4 லேனில் (தகவல் பாதையில்) மட்டும் பேசுகிற கார்டு. எச்81 சிப்செட் போர்டில் ஸ்லாட் பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0 என்பதால் புது போர்டில் கிடைக்கிற பாதையில் கால்வாசிதான் மிஞ்சும். வீடியோ ரெக்கார்டிங்குக்கான என்கோடரும் அதில் இல்லை. இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கு ரீசைசபிள் பார் (கார்டின் முழு மெமரியையும் பிராசஸர் ஒரே வீச்சில் அணுகும் வசதி) வேண்டும், நான்காம் தலைமுறைக்கு வேண்டவே வேண்டாம். ஆர்எக்ஸ் 580-இல் கிரிப்டோ மைனிங்கில் ஓடித் தேய்ந்தவை நிறைய. அதிலேயே 2048எஸ்பி என்று போட்டிருப்பது கோர் எண்ணிக்கையில் 570-க்குச் சமம்.

உங்கள் மானிட்டரில் விஜிஏ மட்டும் இருக்கிறதா? புது கார்டுகளில் எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளே போர்ட்தான் வரும். அதற்கு ஒரு கன்வெர்ட்டர் வாங்கவேண்டும். மதர்போர்டின் விஜிஏவிலேயே வயரை விட்டுவைத்தால் புது கார்டுக்கு வேலையே இருக்காது.

வாங்குவதற்கு கிருஷ்ணகிரியிலிருந்து 90 கிலோமீட்டரில் பெங்களூரு எஸ்.பி. ரோடு. சென்னை ரிச்சி தெரு இரண்டரை மடங்குக்கும் மேல் தூரம். தருமபுரிக்காரர்களுக்கு பெங்களூரு போக ரயிலும் உண்டு. எங்கே வாங்கினாலும் ஜிஎஸ்டி பில்லில் கார்டின் சீரியல் நம்பரை எழுதி வாங்குங்கள், வாரன்டிக்கு அதுதான் ஆதாரம். செகண்ட் ஹேண்ட் என்றால் கடையிலேயே ஜிபியு-இசட் (கார்டின் விவரம் காட்டும் மென்பொருள்) திறந்து கோர் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். பிறகு கால் மணி நேரம் ஃபர்மார்க் (கார்டை முழு வேகத்தில் சோதிக்கும் மென்பொருள்) ஓடவிட்டு, திரையில் புள்ளி தெறிக்கிறதா, ஃபேன் சத்தம் மாறுகிறதா என்று பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.