"6 கோழிகளுக்கு" என்று விற்கும் மரக் கூண்டு: 14 மாதம் வைத்திருந்து பார்த்ததில்

அவசரமாகத் தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று கோழிதான் வளர்க்கப் போகிறீர்கள், வலையை மாற்றித் தர பக்கத்தில் ஒரு வெல்டிங்காரர் இருக்கிறார் என்றால் இந்தக் கூண்டை வாங்கலாம். வந்ததை வந்தபடியே பூட்டி, கோழியை உள்ளே விட்டுவிட்டு ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தால் வாங்காதீர்கள்.

நான் பெங்களூரில் லிங்கராஜபுரத்தில் தரைத்தள வீட்டில் இருக்கிறேன். பின்பக்கம் பத்துக்குப் பதினெட்டு அடி மண் தரை. ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, துணி துவைக்கிற கல். வீட்டில் நான், மகன், அப்பா, வீரா என்கிற நாட்டு நாய். எனக்கு நர்ஸ் வேலை. மாதத்தில் பத்து நாள் நைட் டூட்டி. அப்பாவுக்கு 74 வயது, காது கொஞ்சம் மந்தம். ராத்திரி கொல்லையில் ஏதாவது சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்க்க ஆள் இல்லை. அதனால்தான் பூட்டு போடுகிற மாதிரி ஒரு கூண்டு தேடினேன். அப்பா மட்டும், "பஞ்சாரம் ஒண்ணு போதும் ஆத்தா, எதுக்கு இம்புட்டுக் காசு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். காளையார்கோவில் பக்கம் எங்கள் ஊரில் அப்பத்தா இருபது கோழியை இரண்டு பஞ்சாரத்தில், அதாவது பெரிய மூங்கில் கூடையில், கவிழ்த்து, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டுத் தூங்கியவர்.

2024 மே மாதம் ஆன்லைனில் வாங்கினேன். 11,500 ரூபாய், டெலிவரி சேர்த்து. இரண்டு அட்டைப் பெட்டியில் பலகை பலகையாக வந்தது. மகனும் நானும் உட்கார்ந்து மூன்று மணி நேரத்தில் பூட்டிவிட்டோம். துளைகள் எல்லாம் சரியான இடத்தில் இருந்தன, ஒரு ஸ்க்ரூகூட குறையவில்லை. இதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும், ஏனென்றால் இந்த மாதிரிப் பொருட்களில் பாதிப் பேர் அழுவது இங்கேதான். பூட்டி முடித்துப் பார்த்தால் அழகாகவே இருந்தது. ஒரு பக்கம் கோழி அடைகிற வீடு, அதிலிருந்து சரிவுப் பலகை, கீழே கோழி நடமாட வலை போட்ட இடம் (ஓட்டம்), பின்னால் முட்டைப் பெட்டி.

கோழிக்கு ஹெப்பாள் போனேன். அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரியில் கிரிராஜா குஞ்சு கிடைக்கும். 1989-ல் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட இனம் அது. பார்க்க நாட்டுக்கோழி மாதிரியே பல நிறத்தில் இருக்கும், கொல்லையில் மேய்ந்து திரியும். ஆனால் நாட்டுக்கோழியைவிட உடம்பு பெருக்கும், முட்டையும் கூடுதல். ஒரு நாள் குஞ்சாக ஆறு வாங்கினேன். கூண்டு வந்த அட்டைப் பெட்டியிலேயே உமி பரப்பி, 60 வாட் பல்பு தொங்கவிட்டு வளர்த்தோம். முதல் வாரம் 35 டிகிரிச் சூடு வேண்டும், அப்புறம் வாரத்துக்குச் சுமார் மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். குஞ்சுகள் பல்புக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்று குவிந்தால் குளிர். விலகி ஓரத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றால் சூடு அதிகம். தெர்மாமீட்டரைவிட அதைப் பார்த்துத்தான் பல்பை ஏற்றி இறக்கினேன்.

ஆறில் இரண்டு சேவல். அக்கம்பக்கத்தில் கைக்குழந்தை உள்ள வீடுகள் இருப்பதால், கூவ ஆரம்பித்ததும் ஓசூர் பக்கம் தோட்டம் வைத்திருக்கிற தோழியிடம் கொடுத்துவிட்டேன். மிச்சம் நான்கு. இந்த நான்குக்கே கூண்டு நெருக்கடிதான். வீட்டுப் பகுதியின் உள்ளளவு நான்கடிக்கு இரண்டடி, அதாவது எட்டு சதுர அடி. முட்டைக்கோழி ஒன்றுக்கு இரண்டிலிருந்து இரண்டரைச் சதுர அடியாவது வேண்டும். அந்தக் கணக்கில் மூன்று அல்லது நான்கு கோழிதான். ஆறு என்று எழுதியவர்கள் எந்தக் கோழியை வைத்து அளந்தார்களோ தெரியவில்லை. வளர்ந்த கிரிராஜா பெட்டை மூன்று கிலோ வரை வரும். முட்டைப் பெட்டிக்குள் அது உடம்பை நுழைத்துத் திரும்புவதற்குள் மூடி தூக்கிக்கொள்கிறது. நடுத் தடுப்பைக் கழற்றி, இரண்டு அறையை ஒன்றாக்கியபின் சரியானது.

இப்போது வலைக்கு வருகிறேன். நான் இதை எழுதுவதற்கே காரணம் அதுதான்.

கூண்டோடு வருவது அறுகோணக் கண் வைத்த மெல்லிய கம்பி வலை. கடையில் கோழி வலை என்றுதான் கேட்டு வாங்குவார்கள். கோழி வெளியே போகாமல் இருக்க அது போதும். வெளியில் இருப்பது உள்ளே வராமல் இருக்கப் போதாது. கட்டு பிரிக்க வைத்திருக்கிற சின்னக் கத்தரியால் ஒரு கண்ணை வெட்டிப் பார்த்தேன், நூல் மாதிரி வெட்டுப்பட்டது. அதை மரத்தில் பிடித்திருப்பதும் ஆணியால் இல்லை, ஸ்டேப்ளர் பின்னால். கீழ் ஓரத்தில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. விரலை விட்டு அழுத்தினால் வலை பை மாதிரி உள்ளே தொங்குகிறது. பெங்களூரில் சாக்கடைக் கால்வாய் ஓரம் குடியிருப்பவர்களுக்குப் பெருச்சாளி எவ்வளவு பெரியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

2024 ஆகஸ்டில் ஒரு நாள் நான் டூட்டியில் இருந்தேன். குஞ்சுகளுக்கு அப்போது ஒன்பது வாரம். அதிகாலை மூன்றே முக்கால் மணி இருக்கும். வீரா முதலில் குரைத்திருக்கிறது, அப்பாவுக்குக் கேட்கவில்லை. அப்புறம் கட்டிலில் முன்கால் இரண்டையும் வைத்து அவர் போர்வையைப் பிடித்து இழுத்திருக்கிறது. அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், பெருச்சாளி வலையின் மூலையை நெம்பித் தலையை நுழைத்து, செவலை என்று நாங்கள் கூப்பிடுகிற குஞ்சின் காலைக் கவ்வி வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. கைத்தடியால் இரண்டு அடி போட்டபிறகுதான் விட்டதாம்.

நான் வந்தபோது எட்டு மணி. செவலைக்கு வலது காலில் இரண்டு விரல் இல்லை, கணுவுக்கு மேல் தோல் கிழிந்து தொங்கியது. அப்பா வாசலில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என் காது கேட்டிருந்தா இது நடந்திருக்காதுல்ல ஆத்தா" என்றார். எனக்கு அந்த வார்த்தை இன்னும் மறக்கவில்லை. குறை அவர் காதில் இல்லை. பின் அடிக்க வேண்டிய இடத்தில் நான்கு விரல் விட்டு அடித்தவர்களிடம்தான் குறை.

காய்கறிக் கூடையில் வைத்து, ஆட்டோ பிடித்து ஹெப்பாள் கல்லூரி மருத்துவமனைக்கே கொண்டுபோனேன். நான் தினமும் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவள். ஆனாலும் வெடைக்கோழியின் விரல் பென்சில் தடிமன்கூட இல்லை, என் கை நடுங்கியது. டாக்டர் பொறுமையாகச் சுத்தம் செய்து தையல் போட்டார். ரத்தத்தைக் கண்டால் மற்றக் கோழிகள் கொத்திக்கொண்டே இருக்கும், ஆறும்வரை தனியே வையுங்கள் என்று சொல்லி அனுப்பினார். மூன்று வாரம் குளியலறையில் வளர்ந்தது. இப்போது லேசாக நொண்டும், ஆனால் சரிவுப் பலகையில் முதலில் ஏறுவது அதுதான்.

விற்றவர்களுக்குப் போட்டோ அனுப்பி எழுதினேன். அடுத்த முறை வாங்கும்போது கழித்துக்கொள்ள 500 ரூபாய் கூப்பன் வந்தது. எனக்குக் கூப்பன் வேண்டாம். "ராத்திரிப் பாதுகாப்பு" என்று விளம்பரத்தில் போட்டிருக்கிற வரியை எடுங்கள் என்றுதான் கேட்டேன். இன்னும் எடுக்கவில்லை.

அந்த வாரமே எஸ்.ஜே.பி. ரோட்டில் அரை அங்குலக் கண் உள்ள ஜி.ஐ. வெல்டு மெஷ், அதாவது துத்தநாகம் பூசிய, வெல்டிங் செய்த கம்பி வலை வாங்கினேன். எங்கள் தெரு முனையில் வெல்டிங் கடை வைத்திருக்கிற அண்ணன் வந்து பழைய வலை முழுவதையும் பிய்த்து, புதியதை வாஷர் வைத்து ஸ்க்ரூ போட்டுத் தந்தார். சுற்றிலும் ஒரு அடி அகலத்துக்கு வலையை வெளிப்பக்கமாகப் படுக்கவைத்து மண்ணை மூடினோம். பெருச்சாளி சுவரை ஒட்டித்தான் தோண்டும். ஒரு அடி பின்னால் போய்த் தோண்ட அதற்குத் தெரியாது. கதவில் இருந்த திருகுக் கொண்டியை வீரா மூக்காலேயே தள்ளித் திறந்துவிட்டது, அதையும் மாற்றிப் பூட்டு போடுகிற தாழ்ப்பாள் வைத்தோம். மெஷ் 2,600, தாழ்ப்பாள் 340, கூலி 900. இதற்குப்பின் ஒருநாளும் உள்ளே எதுவும் வந்ததில்லை. காலையில் வெளியே தோண்டிய பள்ளம் மட்டும் இருக்கும்.

கூரை விஷயம். வீட்டுப் பகுதியின் மேல் தார் ஷீட் ஒட்டியிருக்கிறார்கள். 2025 மே 18 ராத்திரி பெய்த மழையில், ஹொரமாவு சாய் லேஅவுட் முழுகிய அந்த மழையில், ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் ஏப்ரல் வெயிலில் அதே தார் ஷீட்தான் எமன். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். மதியம் முட்டையிடப் போன கருப்பி, பெட்டிக்குள் இறக்கையை விரித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து, கூரைமேல் ஈரச் சாக்கு போட ஆரம்பித்தேன். கூரை கீல் வைத்து மேலே திறக்கிறது என்பது பெரிய வசதி. எட்டாவது வாரம் வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பூசி போட, கோழி அடைந்தபிறகு மேலிருந்தே ஒவ்வொன்றாகத் தூக்கினேன், ஒன்றும் மிரளவில்லை.

ஓட்டத்துக்கு மேல் கூரை இல்லை, வெறும் வலைதான். 2025 பிப்ரவரி, மார்ச்சில் சிக்கபள்ளாபூர் பக்கம் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. எங்கள் வீட்டுக் கைப்பிடிச் சுவர் முழுக்கப் புறா. அதன் எச்சம் நேராகத் தீனித் தொட்டியில் விழும். ஓட்டத்தின்மேல் ஃபைபர் ஷீட் போட்டேன், 1,450 ரூபாய். தீனித் தொட்டியை உள்பக்கம் நகர்த்தினேன்.

மரக் கூண்டு என்றால் கோழிச் செல்லுக்கு, அதாவது கோழியின் ரத்தம் குடிக்கிற சின்னப் பூச்சிக்கு, கொண்டாட்டம். பலகையும் பலகையும் சேருகிற இடுக்கில் பகலெல்லாம் ஒளிந்துகொண்டு, ராத்திரி கோழிமேல் ஏறி ரத்தம் குடிக்கும். ராத்திரி டார்ச்சோடு போய், கோழி உட்காருகிற கம்பின் அடியில் வெள்ளைக் காகிதத்தைத் தேய்த்துப் பாருங்கள். சிவப்புக் கோடு விழுந்தால் செல்லு இருக்கிறது. ஜனவரியில் எனக்கு விழுந்தது. கம்பைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றி, கூண்டை இரண்டு நாள் வெயிலில் திறந்து காயவைத்து, வேப்பெண்ணெய் கலந்து இடுக்கெல்லாம் அடித்தேன். பத்து நாளில் இன்னொரு முறை செய்ய வேண்டியிருந்தது. கம்பு ஸ்க்ரூவில் நிற்பதால் சுலபமாகக் கழன்றது. ஒட்டியிருந்தால் இதெல்லாம் முடியாது.

கீழே இழுத்து எடுக்கிற எச்சத் தட்டு நல்ல யோசனை, தினமும் இரண்டு நிமிடத்தில் சுத்தம் ஆகிவிடும். நாய் உள்ள வீட்டில் மட்டும் கவனம் வேண்டும். தட்டு சரியாக வீராவின் வாய் உயரத்தில் இருக்கிறது, இழுத்து நக்கிவிட்டு இரண்டு நாள் வயிற்றுப்போக்கில் கிடந்தது. ஒரு சின்ன ஊக்கு மாட்டியபின் அந்தத் தொல்லை இல்லை. பெருச்சாளிக்கு மருந்து வைக்கலாமே என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். நாயும் கோழியும் இருக்கிற கொல்லையில் எலி மருந்துக்கு இடமில்லை. அதைத் தின்று செத்த எலியைக் கடித்தாலே நாய்க்கு ஆபத்து.

கூண்டும் அதைச் சரிசெய்த செலவும் சேர்த்து 16,790 ரூபாய். அதே அளவில் இரும்புச் சட்டம் வைத்து வெல்டிங் அண்ணன் 17,500 கேட்டார். இன்றைக்கு முதலிலிருந்து வாங்குவதாக இருந்தால் அவரிடம்தான் போவேன். ஏற்கெனவே இந்த மரக் கூண்டை வாங்கிவிட்டீர்கள் என்றால் தூக்கிப்போட வேண்டாம். கோழியை விடுவதற்கு முன்னால், அன்றைக்கே, வலையை மாற்றிவிடுங்கள்.

டிசம்பரில் முட்டையிட ஆரம்பித்தன. இப்போது நான்கும் சேர்ந்து வாரத்துக்குப் பத்து, பன்னிரண்டு முட்டை தருகின்றன. முட்டைப் பெட்டி மூடியை வெளியிலிருந்தே திறக்கலாம் என்பதால் அப்பா குனியாமல் எடுத்துக்கொள்கிறார். அந்த மூடியின் கீல் ஒன்று துருப்பிடித்து இறுகியிருக்கிறது. அடுத்த லீவில் பித்தளைக் கீல் வாங்கி மாற்ற வேண்டும்.