ஊமத்தங்காய் காட்டிய காகித நுண்ணோக்கி

எங்கள் பள்ளியில் ஒரு நுண்ணோக்கி இருக்கிறது. பச்சைத் துணி போர்த்தி, பீரோவில் பழைய பதிவேடுகளுக்குப் பின்னால். ஆறாம் வகுப்பில் செல் பாடம் வரும்போது வருஷத்துக்கு ஒரு தடவை வெளியே எடுப்போம். முப்பத்திரண்டு பிள்ளைகள் வரிசை கட்டி நிற்பார்கள். ஆளுக்குப் பத்து விநாடி. "தெரியுதா?" என்றால் எல்லோரும் "தெரியுது டீச்சர்" என்பார்கள். பாதிப் பேர் பார்த்தது தங்கள் இமை மயிரைத்தான் என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

நடுவில் ஒருமுறை '1200 மடங்கு' என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்த பிளாஸ்டிக் நுண்ணோக்கி ஒன்றை வாங்கி ஏமாந்தேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். அது இப்போது பேப்பர் வெயிட்.

அதற்கப்புறம்தான் போன ஜூனில் ஃபோல்ட்ஸ்கோப் என்கிற காகித நுண்ணோக்கி பத்து வாங்கினேன். பாதி என் காசு, பாதி பழைய மாணவர் ஒருவர் கொடுத்தது. ஒரு கல்வியாண்டு முழுக்கப் பிள்ளைகள் கையில் விட்டுப் பார்த்தாயிற்று. ஆறு, ஏழு, எட்டுக்கு அறிவியல் எடுக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இது உதவுமா என்றால், உதவும். ஆனால் பெட்டியைப் பிரித்த அன்றைக்கே இல்லை.

இது மடித்துச் செய்கிற நுண்ணோக்கி. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் அவருடைய மாணவர் ஜிம் சிபுல்ஸ்கியும் உருவாக்கியது. ஆய்வுக் கட்டுரை 2014-இல் வந்தது. பிரகாஷ் உத்தரப் பிரதேசத்துக்காரர், கான்பூர் ஐஐடியில் படித்தவர். காகிதம் என்று பேரே தவிர, இது தண்ணீர் பட்டால் ஊறிப்போகாத தாள். லென்ஸ், கடுகைவிடச் சற்றே பெரிய கண்ணாடி உருண்டை. 140 மடங்கு பெரிதாக்கும். "ஒரே ஒரு லென்ஸா? போதுமா?" என்று பக்கத்து வகுப்பு சார் கேட்டார். நெதர்லாந்தில் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லீவன்ஹூக் 1670-களில் தண்ணீருக்குள் உயிர்கள் நீந்துவதைப் பார்த்ததும் ஒற்றை லென்ஸில்தான் சார் என்றேன்.

மடிக்க இரண்டு பீரியடு ஆனது. முதல் நாள் இரவு வீட்டில் மடித்துப் பழகிக்கொண்டு போயிருந்தும் வகுப்பில் சொதப்பினேன். எதைப் பார்த்தாலும் வெறும் வெள்ளை. நோட்டு எழுதச் சொன்னால் பேனா இல்லை என்கிற ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் செய்முறைத் தாளின் படங்களை மட்டும் புரட்டிக்கொண்டிருந்துவிட்டு, "டீச்சர், இந்த மடிப்ப நீங்க உள்பக்கமா மடிச்சிட்டீங்க" என்றான். வாங்கிப் பிரித்து, நகத்தால் நீவி, திரும்ப மடித்துக் கொடுத்தான். அன்றிலிருந்து எதில் என்ன பிரச்சினை என்றாலும் அவனிடம்தான் போகும்.

அடுத்த சிக்கல் பிடிக்கிற விதம். லென்ஸ் கண்ணை ஒட்டி இருக்க வேண்டும், ஸ்லைடு ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்து இருக்க வேண்டும், இரண்டு கட்டைவிரலாலும் மெல்ல நகர்த்திக் குவியம் பிடிக்க வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பலருக்கு ஒரு கண்ணை மட்டும் மூடவே வரவில்லை. ஒருத்தி மற்ற கண்ணைத் தோழியின் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டாள், அது நல்ல யோசனையாகப் பட்டது. சூரியனை நோக்கி மட்டும் யாரும் பிடிக்கக் கூடாது. இதை முதலிலும் சொல்லுங்கள், நடுவிலும் சொல்லுங்கள், மைதானத்துக்குக் கூட்டிப்போனால் கத்தியே சொல்லுங்கள்.

முதலில் எதை வைத்துக் காட்டுவது என்பதில்தான் சூட்சுமம். நான் பாடப்புத்தகப்படி வெங்காயத் தோலில் ஆரம்பித்தேன். சாயம் ஏற்றாவிட்டால் அது வெறும் கண்ணாடித் தாள் மாதிரிதான் தெரிகிறது. பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். அப்புறம் செம்பருத்தி மகரந்தத்தை செலோடேப்பில் ஒற்றி, ஓட்டை போட்ட காகித ஸ்லைடில் ஒட்டிக் கொடுத்தேன். வெறும் கண்ணுக்கே மஞ்சள் புள்ளியாகத் தெரிகிற பெரிய மகரந்தம் அது. ஒருத்தி பார்த்தாள். "ஐயோ டீச்சர், ஊமத்தங்காய்!" என்றாள். அப்படியேதான் இருந்தது, உருண்டை முழுக்க முள். ஐந்து நிமிஷத்தில் பள்ளி வேலியோரச் செம்பருத்திச் செடியில் ஒரு பூ மிச்சமில்லை. இனி வெங்காயம் இரண்டாவது வாரம்தான்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ரியோ இலை. அடிப்பக்கம் கத்தரிப்பூ நிறத்தில் இருக்குமே, தொட்டியில் அழகுக்கு வைப்போமே, அதுதான். இலையைச் சாய்வாகக் கிழித்தால் அடித்தோல் மெல்லிசாக உரிந்து வரும். சாயமே தேவையில்லை. ஊதா நிற அறைகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, நடுநடுவே உதடு குவித்தது போலப் பச்சையாக இலைத்துளைகள். பார்த்து முடித்ததும் அதே தோலைக் கெட்டியான உப்புத் தண்ணீரில் சில நிமிஷம் போட்டுத் திரும்ப வைத்தோம். செல்சுவர் அப்படியே நிற்கிறது, உள்ளே ஊதா மட்டும் சுருங்கி ஒரு மூலையில் ஒதுங்கிவிட்டது. வகுப்பு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் பின்வரிசையிலிருந்து, "மாங்காய்க்கு உப்புப் போட்டா தண்ணி விடுமே, அதானா டீச்சர்?" சவ்வூடு பரவல் என்ற சொல்லை நான் அதற்குப் பிறகுதான் கரும்பலகையில் எழுதினேன்.

இதில் ஆகாத வேலைகளும் உண்டு. தயிரில் பாக்டீரியா காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். நான் கொடுத்தேன். இதில் பிரித்துப் பார்க்க முடிவது ஏறக்குறைய 2 மைக்ரான் வரை (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தயிர் பாக்டீரியாவின் தடிமனோ சுமார் ஒரு மைக்ரான்தான். தெரிந்ததெல்லாம் தயிர்க் கட்டிகள். எண்ணைப் படித்துவிட்டு வாயைத் திறந்திருக்க வேண்டும், தப்பு என்னுடையது. வைக்கோலை ஒரு வாரம் ஊறப்போட்ட தண்ணீரில் பாரமீசியம் என்கிற ஒற்றைச் செல் உயிரி அருமையாகக் கிடைத்தது, ஆனால் பாய்ச்சல் தாங்கவில்லை. பஞ்சு இழை இரண்டைப் போட்டால் இடுக்கில் மாட்டிக்கொண்டு கொஞ்சம் நிற்கும். தண்ணீர் ஒரு சொட்டு கூடினாலும் வழியும், ஏனென்றால் இதைக் கிடையாக வைத்துப் பார்ப்பதில்லை, நிமிர்த்திப் பிடிக்கிறோம். வெளிச்சம் ஊடுருவாத பொருள் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். எங்கள் டெல்டாவில் கார்த்திகை மழை மூட்டம் போட்டால் ஜன்னல் வெளிச்சமும் பத்தாது, டியூப்லைட்டுக்குக் கீழே போக வேண்டியதுதான்.

"டீச்சர், இது என்னது?" என்று நீட்டி, அது நம் கைக்கு வருவதற்குள் குவியம் நகர்ந்துவிடும். கையில் பிடிக்கிற சாதனம், அப்படித்தான் இருக்கும். இதற்கு வழி, கூடவே வரும் வட்டக் காந்தம். அதை வைத்துக் கைபேசியின் கேமராவில் ஒட்டவைத்தால் திரையில் எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம், படமும் எடுக்கலாம். பத்தில் இரண்டு பெட்டியில் இந்தக் காந்தமே இல்லை. யாரோ பிரித்துத் திரும்ப ஒட்டிய பெட்டிகள். விற்ற இணையக் கடைக்கு மூன்று முறை எழுதினேன், இன்று வரை பதில் இல்லை.

விலை பற்றி ஒரு வார்த்தை. ஒரு டாலருக்குள் செய்துவிடலாம் என்று படித்திருப்பீர்கள். அது பாகங்களுக்கு ஆகும் செலவு, நாம் கடையில் கொடுக்கிற விலை அல்ல. ஆளுக்கொன்று முடியாவிட்டால் மூன்று பேருக்கு ஒன்று போதும். மூன்றைத் தாண்டினால் பழைய வரிசைக் கதைதான். பீரோவில் இருக்கும் பெரிய நுண்ணோக்கியையும் தூக்கிப் போட வேண்டாம், கூடுதல் உருப்பெருக்கம் வேண்டிய நாளில் அதுதான் கைகொடுக்கும். ஆனால் அதை யாரும் வெள்ளிக்கிழமை பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. இதை முடியும். அப்படி எடுத்துப் போன ஒருத்தி திங்கட்கிழமை செலோடேப்பில் ஒட்டிக் கொண்டுவந்தது தங்கச்சி தலையிலிருந்து எடுத்த பேன். காலின் நுனியில் கொக்கி மாதிரி நகம், ஒரு முடியை விடாமல் பிடித்தபடி. அந்த வாரம் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் எண்ணெய் வழியப் படிய வாரிக்கொண்டு வந்தார்கள்.

வருகிற ஜூனில் இன்னும் பத்து வாங்கப் போகிறேன். வேறு கடையில்.