ஒரே ஆறு, இரண்டு தூண்டில்கோல்: பாஸ் மீனுக்கு முதலில் எதை வாங்குவது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்துத் தூண்டில் சாமான் கடைகளில், பாஸ் மீனுக்கென்று முதல் கோல் கேட்டு வருபவரிடம் பெரும்பாலும் ஒரே சாமானைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள்: ஏழடிக்கு மேல் நீளமும் ‘மீடியம் ஹெவி’ முத்திரையும் கொண்ட கனத்த கோல், அதன் மேல் பூட்டிய பெய்ட்காஸ்டர் ரீல், 50 பவுண்டு இழுவை தாங்கும் பிரெய்டு (பின்னல்) நரம்பு. அமெரிக்கப் போட்டிகளின் காணொளிகளைப் பார்த்துவிட்டு வருகிறவரும் அதையே கேட்பதால் வியாபாரம் சுலபமாக முடிந்துவிடுகிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்திலிருந்தோ ஃபீனிக்ஸிலிருந்தோ ஞாயிற்றுக்கிழமை காலையில் காரில் கிளம்பி, படகு இல்லாமல் கரையில் நின்று தூண்டில் போடுகிற நம்மவருக்கு முதல் கோல் மெல்லிய ஸ்பின்னிங் கோலாக இருக்க வேண்டும். கனத்த கோலை இரண்டாவதாக, அதுவும் எந்த அணைக்கு அடிக்கடி போகப் போகிறோம் என்று தெரிந்துகொண்ட பிறகு வாங்கலாம். இரண்டையும் உம்கேனி ஆற்றின் அணைகளில் மாறி மாறிப் பயன்படுத்திய பிறகு எனக்கு ஏற்பட்ட கருத்து இது.

பாஸ் பிடிப்பவர்கள் ‘பவர்’ என்றும் ‘ஃபினஸ்’ என்றும் பிரித்துப் பேசுவது கோலின் கனத்தை மட்டும் வைத்து அல்ல. பவர் முறையில் சேட்டர்பெய்ட், ஸ்பின்னர்பெய்ட், கிராங்க்பெய்ட் போன்ற அதிர்வும் சத்தமும் உண்டாக்கும் லூர்களை (பொய்யிரைகளை) வேகமாக வீசி வேகமாகச் சுற்றி, ஒரு மணி நேரத்தில் நீண்ட கரை முழுவதையும் அலசிவிடுகிறோம். பசியோடு இருக்கும் மீனோ, எதிரே பாய்ந்ததைக் கண்டதும் யோசிக்காமல் கடிக்கும் மீனோ அதில் மாட்டுகிறது. ஃபினஸ் முறையில் மீன் இருக்கிறது என்று ஏற்கெனவே நம்புகிற ஓரிடத்தில், விரல் நீள ரப்பர் புழுவைச் சில கிராம் எடையோடு இறக்கி, அது கடிக்க மனம் வரும்வரை அங்கேயே வைத்திருக்கிறோம். எனவே பவரா ஃபினஸா என்பதை மீன் பிடிப்பவரின் சுபாவம் மட்டும் தீர்மானிக்க முடியாது. தண்ணீரின் நிறம், கரையோரச் செடிகொடி, அன்றைய வானிலை மூன்றுமே அதைத் தீர்மானிக்கின்றன.

நான் ஒப்பிட்ட கனத்த கோல் 7 அடி 3 அங்குல நீளமுடையது. ஏறத்தாழ 10 கிராம் முதல் 28 கிராம் வரையுள்ள லூர்களுக்கு ஏற்றது. அதில் பூட்டியிருப்பது டைவா நிறுவனத்தின் டாட்டுலா ரீல். அதன் பல்சக்கர விகிதம் 7.3 என்பதால், கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் ஸ்பூல் (நரம்பு சுற்றிய உருளை) ஏழு சுற்றுக்கு மேல் சுழன்று நரம்பை விரைவாக இழுத்துக்கொள்கிறது. நரம்பு வெளியேறும் துவாரம் இந்த ரீலில் ஆங்கில ‘T’ எழுத்தின் வடிவில் இருக்கிறது. வீசும்போது அகன்ற பகுதி வழியாக நரம்பு தடையின்றிப் போகிறது, சுற்றும்போது குறுகிய பகுதிக்குள் விழுந்து ஒழுங்காகப் படிகிறது. இது வெறும் விளம்பரப் பேச்சல்ல. வீச்சு சீராக இருப்பதைக் கையில் உணர முடிகிறது.

இந்தக் கோலின் அருமை சேட்டர்பெய்ட்டைக் கட்டும்போதுதான் முழுமையாகத் தெரிகிறது. அறுகோணத் தகடு ஒன்று ஈயத் தலைக்கு முன்னால் நேரடியாக இணைக்கப்பட்டிருக்கும் அந்த லூரைச் சுற்றத் தொடங்கியவுடன், தகட்டின் துடிப்பு பிரெய்டு வழியாக ஏறிக் கோலின் அடிக்கட்டை வரை வந்து உள்ளங்கையில் இடைவிடாமல் தட்டிக்கொண்டிருக்கிறது. புல்லில் உரசினால் துடிப்பு மந்தமாகிறது. கோலைச் சட்டென்று ஓர் இழுப்பு இழுத்தால் புல் அறுந்து துடிப்பு திரும்புகிறது. மீன் கடித்தால் பெரும்பாலும் ‘டக்’கென்ற அடியெல்லாம் வருவதில்லை; துடிப்பு மட்டும் திடீரென்று நின்றுவிடுகிறது. அப்போது காத்திருக்காமல் கோலை ஓங்கி இழுத்தால்தான் 4/0, 5/0 அளவுள்ள தடித்த முள் மீனின் வாயில் இறங்கும். மெல்லிய கோலால் அவ்வளவு தடித்த முள்ளைக் குத்தி இறக்குவது கடினம்.

குறை என்னவென்றால், ஏழு கிராமுக்குக் கீழே போனால் இந்தக் கோலும் ரீலும் ஒத்துழைப்பதில்லை. பெய்ட்காஸ்டரில் லூரின் எடைதான் ஸ்பூலைச் சுழற்ற வேண்டும். எடை போதாவிட்டால் ஸ்பூல் தொடக்கத்தில் தயங்கிப் பிறகு லூரைவிட வேகமாகச் சுழன்று, நரம்பு உள்ளேயே சிக்கி ஓவர்வைண்ட் ஆகிவிடும். எதிர்க்காற்றில் இது இன்னும் மோசம். டர்பன் கடற்கரையில் ஸ்கார்பரோ என்னும் எளிய ரீலில் பழகிய மூத்தவர்களுக்கு ஸ்பூலைக் கையால் அடக்கும் வித்தை ஏற்கெனவே தெரியும் என்பதால் அவர்கள் பெய்ட்காஸ்டருக்குச் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள். காபி கிரைண்டர் என்று நாம் சொல்லும் ஸ்பின்னிங் ரீலை மட்டுமே பிடித்துப் பழகிய இளைஞருக்கோ முதல் சில வாரங்கள் சிக்கெடுப்பதிலேயே கழியும்.

இப்போது மெல்லிய கோலுக்கு வருகிறேன். 7 அடி நீளமுள்ள மீடியம் லைட் ஸ்பின்னிங் கோல், 2500 அளவுள்ள ஷிமானோ ரீல், 10 பவுண்டு பிரெய்டு, அதன் நுனியில் முடிந்த 8 பவுண்டு ஃப்ளூரோகார்பன். ஸ்பூல் சுழலாமல் நரம்பு மட்டும் சுருள் சுருளாக உருவிக்கொண்டு போவதால், மூன்று கிராம் எடையைக்கூடக் கரையிலிருந்து தேவையான தூரத்துக்கு வீச முடிகிறது. ஃப்ளூரோகார்பன் தண்ணீருக்குள் எளிதில் கண்ணுக்குத் தெரியாது. பாறையில் உரசினாலும் மெல்லிய பிரெய்டைவிடத் தாக்குப்பிடிக்கும்.

இதில் நான் அதிகம் போட்டது மூன்று வகை இரைகள். முதலாவது கேரி யமமோட்டோ நிறுவனத்தின் ஐந்தங்குல சென்கோ. பார்ப்பதற்கு உருளைக் குச்சி போல எந்த அலங்காரமும் இல்லாதது. உப்புச் சேர்த்து வார்த்திருப்பதால் ஈயம் எதுவும் இல்லாமலேயே, நடுவில் முள் குத்திய நிலையில், இரண்டு முனைகளும் மெல்ல நடுங்க மட்டமாகக் கீழே இறங்கும். நாம் செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை. அவசரக்காரருக்கு அதுதான் கஷ்டம். எளிதில் கிழிந்துவிடும் என்பது இதைப் பற்றி எல்லோரும் அறிந்த குறை. நடுவில் ஒரு ரப்பர் வளையம் மாட்டி அதற்குள் முள்ளைச் செருகினால் ஒரு புழு இன்னும் சில மீன்களுக்கு உழைக்கும். இரண்டாவது நெட் ரிக். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து நெட் கெடி என்பவரின் பெயரால் அழைக்கப்படும் இந்த முறையில், காளான் வடிவ ஈயத் தலையில் மூன்று அங்குலத்துக்கும் குறைவான ரப்பர் துண்டு செருகப்படுகிறது. இசட்-மேன் நிறுவனத்தின் ரப்பர் தண்ணீரில் மிதக்கும் தன்மை உடையதால், தலை அடியில் உட்கார்ந்தாலும் வால் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். அந்த ரப்பரை மற்ற நிறுவனங்களின் புழுக்களோடு ஒரே பெட்டியில் போட்டு வைத்தால் இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். அதை அதன் சொந்தப் பையிலேயே வைத்திருப்பது நல்லது. மூன்றாவது டிராப் ஷாட்: ஈயம் நரம்பின் கடைசி நுனியிலும், முள் அதற்கு ஓரடி மேலேயும் இருப்பதால் புழு தரையைத் தொடாமல் மீனின் கண்ணுக்கு நேராக அந்தரத்தில் நிற்கும்.

மெல்லிய கோலில் கடி தெரிவது வேறு விதம். நரம்பு ஒரு பக்கமாக நகரத் தொடங்கும், அல்லது ஈயம் இன்னும் தரையைத் தொடாத நேரத்தில் நரம்பு தளர்ந்துவிடும், அல்லது கோல் நுனியில் ஈரத்துணி தொங்குவது போன்ற ஒரு கனம் ஏறும். ஓங்கி இழுக்கக் கூடாது. சுற்றிக்கொண்டே கோலைப் பக்கவாட்டில் சாய்த்தால் போதும், மெல்லிய கம்பியாலான சிறு முள் தானாக ஏறிவிடும். கடற்கரையில் பழகிய கைக்கு இந்த நிதானம் எளிதில் வராது.

ஃபினஸ் முறைக்கு நம் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் கூடுதலான ஒரு நியாயம் இருக்கிறது. பெருவாய் பாஸ் தென்னாப்பிரிக்காவுக்கு 1928இல் கொண்டுவரப்பட்டது. பின்னர் 1980 வாக்கில் ஃபுளோரிடா வகையும் நேட்டாலுக்கு வந்தது. ஃபுளோரிடா வகை பெரிதாக வளரும், ஆனால் குளிர் தாக்கினால் சுருண்டுகொள்ளும், பொய்யிரையைக் கண்டால் தயங்கும் என்பது பாஸ் பிடிப்பவர்களின் பொதுவான அனுபவம். அடிக்கடி தூண்டில் விழும் கரைகளில் அந்தத் தயக்கம் இன்னும் கூடுதல்.

இனி அணைகள். மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ், நேகல், இனாண்டா நான்கும் ஒரே உம்கேனி ஆற்றின் மேல் அடுத்தடுத்துக் கட்டப்பட்டவை. ஆனாலும் மேலே வெற்றி பெற்ற கோல் கீழேயும் வெற்றி பெறும் என்று சொல்ல முடியாது. மிட்மார் கடல்மட்டத்திலிருந்து 1000 மீட்டருக்கு மேல் இருப்பதால் குளிர்காலத்தில் தண்ணீர் நன்றாகக் குளிர்ந்து மீன் மந்தமாகிவிடும். ஜூன், ஜூலையில் அங்கே கனத்த கோலைக் காரிலேயே விட்டுவிடலாம். ஆல்பர்ட் ஃபால்ஸில் இரண்டுக்கும் இடம் உண்டு. 2015ஐ ஒட்டிய வறட்சியில் அந்த அணை வெகுவாக வற்றியது. இப்படித் தண்ணீர் பின்வாங்கும்போது வெறும் மண்ணாகக் கிடக்கும் கரையில் புல்லும் புதரும் முளைத்து, அணை மறுபடி நிரம்பும்போது அவை மூழ்கிச் சிறுமீன்களுக்குப் புகலிடமாகின்றன. அந்தப் புல்லின் வெளி விளிம்பில் சேட்டர்பெய்ட், இடைவெளிகளில் சென்கோ என்று அடுத்தடுத்துப் போட்டால்தான் கரை முழுமையாக அலசப்படுகிறது.

இனாண்டாவில் மட்டும் என் வாதம் தோற்றுப்போகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1989இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையில் ஆற்றின் அழுக்கெல்லாம் வந்து சேர்வதால் ஆகாயத்தாமரை பாய் விரித்தாற்போல் படர்கிறது. அதன் நிழலில் நிற்கும் பெரிய மீனை 8 பவுண்டு நரம்பில் மாட்டினால், அது வேர்களுக்குள் புகுந்து ஒரு சுற்று சுற்றிக்கொண்டு நரம்பை அறுத்துவிட்டுப் போய்விடும். அங்கே 28 கிராமுக்கு மேற்பட்ட டங்ஸ்டன் எடையைப் பாயின் மேல் போட்டுத் துளைத்து இறக்கி, கடித்த உடனே மீனை நேராக மேலே தூக்கி வெளியே எடுக்கிற பவர் முறையைத் தவிர வேறு வழி இல்லை. அதற்கு மீடியம் ஹெவியும் போதாது. ‘ஹெவி’ கோலே வேண்டும். மெல்லிய கோலுக்கு இன்னொரு தொல்லை கெளுத்தி. அடியில் அசையாமல் கிடக்கும் புழுவைக் கெளுத்தி விரும்பி எடுக்கும். எடுத்துவிட்டால் அரைமணி நேரம் நம் கையில் இல்லை.

வானிலையைப் பொறுத்தவரை ஒரு வழக்கத்தைப் பின்பற்றுகிறேன். உள்நாட்டிலிருந்து சூடான பெர்க் காற்று அடித்து, குளிர்முகம் (குளிர்காற்றின் முன்னணி) ஒன்று தென்மேற்கிலிருந்து நெருங்கிக்கொண்டிருக்கும் மதியங்களில் மீன் துணிச்சலாகக் கடிக்கும். அப்போது கனத்த கோல். குளிர்முகம் கடந்து, வானம் கழுவிவிட்டது போல நீலமாகி, தண்ணீர் அசையாமல் கிடக்கும் மறுநாள் மெல்லிய கோல். மழைக்குப் பிறகு தண்ணீர் செம்மண் நிறமானால், மீன் கண்ணைவிட அதிர்வை அறியும் உடலின் பக்கக்கோட்டு உணர்வையே அதிகம் நம்புவதால், அதிர்வுள்ள லூருக்கே முதலிடம்.

நம் சமூகத்தில் பலர் அணைப்பக்கம் வருவதே அக்டோபரில்தான். அக்டோபர், நவம்பர் இரண்டு மாதங்களும் ஷாட் என்னும் கடல்மீனைப் பிடிக்கத் தடை இருப்பதால் கடற்கரைத் தூண்டில்காரர்களுக்குக் கை அரிக்கத் தொடங்கிவிடும். புரட்டாசி விரதமும் அதே சமயத்தில் வருவதால் முள்ளையே தொடாதவர்களும் உண்டு. பிடித்து விட்டுவிடுவதில் விரதம் முறியாது என்று வாதாடுகிறவர்களும் உண்டு. “ஏன் தம்பி, பிடிச்ச மீனைத் தண்ணியிலேயே விடுறதுக்கா இவ்வளவு பெட்ரோல் போட்டு வந்தீங்க?” என்று பக்கத்தில் கெளுத்திக்குத் தூண்டில் போட்டிருந்த ஒரு மாமா கேட்டதற்கு, “புரட்டாசி முடியட்டும் மாமா, அப்புறம் பேசலாம்” என்றுதான் சொல்ல முடிந்தது. பாஸ் முட்டையிட ஆழம் குறைந்த கரைக்கு வரும் பருவமும் இதுவே. ஆண் மீன் கூட்டைக் காத்துக்கொண்டு நிற்கும். மெல்லிய கோலுக்கு அப்போது மீன் சுலபமாகக் கிடைக்கும். பிடித்தால் தாமதிக்காமல் அதே இடத்தில் விட்டுவிடுவது நல்லது.

செலவைப் பார்த்தால், ஓரளவு தரமான ஸ்பின்னிங் கோலும் ரீலும் வாங்கும் பணத்தில் தரமான பெய்ட்காஸ்டர் ஜோடி கிடைப்பதில்லை; மலிவான பெய்ட்காஸ்டரோ பிரேக் சரியாக வேலை செய்யாமல் கற்றுக்கொள்பவரின் பொறுமையைச் சோதிக்கும். டர்பனில் ஒரு கடையில் சலுகை விலைக்கு விற்ற கோல்-ரீல் ஜோடியை உறவினர் பையனுக்காக வாங்கினேன். நுனி வளையத்தின் உட்பீங்கான் சில வாரங்களில் கழன்று விழுந்தது; திருப்பிக் கொண்டுபோனபோது கவுண்டரில் இருந்தவர் நரம்புதான் அதைக் கழற்றியிருக்கும் என்று சாதித்தார். வாங்கும்போது ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் பஞ்சை விட்டு உரசிப் பார்ப்பதும், ரசீதை வைத்திருப்பதும் அவசியம்.

ஆகவே கரையில் நிற்பவர் முதலில் 7 அடி ஸ்பின்னிங் கோல் ஒன்றை வாங்கட்டும். மீடியம் லைட்டுக்குப் பதில் ‘மீடியம்’ எடுத்தால் சிறிய சேட்டர்பெய்ட்டையும் சமாளிக்கலாம், ஃபினஸ் இரைகளின் உணர்வு சற்றுக் குறையும், அவ்வளவுதான். இனாண்டா பக்கத்தில் வசிப்பவர், கயாக் வைத்திருப்பவர் இருவருக்கும் இந்த வரிசை பொருந்தாது. அவர்கள் கனத்த கோலிலிருந்தே தொடங்கலாம். இரண்டையும் எடுத்துச் செல்ல முடிகிறவர் மெல்லிய கோலில் சென்கோவை முன்கூட்டியே கட்டிப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்க வேண்டும்: சேட்டர்பெய்ட்டைத் துரத்தி வந்து கடிக்காமல் திரும்பிய மீன் அதே இடத்தில் சில நொடிகள்தான் நிற்கும்.