சியாங் மாயில் ஒரு சட்டிக் குழம்புக் கடை: நெடுநாள் வாடிக்கையாளரின் அனுபவம்

வடதாய்லாந்தின் சியாங் மாய் நகரில், அகழி சூழ்ந்த பழைய நகரத்தின் வடமேற்கு மூலைக்கு வெளியே சந்திதாம் என்னும் குடியிருப்புப் பகுதி இருக்கிறது. மலிவு வாடகைக் குடியிருப்புகளும் சலவைக் கடைகளும் நிறைந்த அந்தப் பகுதியில், வீட்டின் முன்கட்டையே உணவகமாக்கி வடக்கத்திச் சமையலை மட்டும் பரிமாறும் சிறு கடை ஒன்றில் நான் சில ஆண்டுகளாகச் சாப்பிட்டு வருகிறேன். ஏழெட்டு மேசைகள், சுவரோரம் ஒரு கரி அடுப்பு, வாசலை ஒட்டிய நீண்ட பலகையில் வரிசையாக மூடி போட்ட அலுமினியச் சட்டிகள் ஆகியவையே அக்கடையின் மொத்த அமைப்பு. கடையை நடத்தும் அம்மையாரை வருகிறவர்கள் எல்லோரும் 'பா' என்று அழைக்கிறோம். அது பெரியம்மா முறை. உணவுப் பட்டியல் என்று ஒன்று கிடையாது. மூடியைத் திறந்து பார்த்து, வேண்டியதைக் காட்டினால், சிறு கிண்ணத்தில் அள்ளித் தருவார்கள்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இத்தகைய கடைக்குள் நுழைந்ததும் முதலில் கேட்பது காவ் சோய். தேங்காய்ப்பால் சேர்த்த குழம்பில் முட்டை நூடுல்ஸைப் போட்டு, மேலே பொரித்த நூடுல்ஸைப் பரப்பி, ஊறவைத்த கடுகுக்கீரை, நறுக்கிய சின்ன வெங்காயம், எலுமிச்சைத் துண்டு, எண்ணெயில் வறுத்த மிளகாய் விழுது ஆகியவற்றோடு தரும் அந்த உணவு, யுன்னானிலிருந்து கோவேறு கழுதைகளில் சரக்கு ஏற்றி வந்த சீன முஸ்லிம் வணிகர்களோடு இங்கு வந்து சேர்ந்தது என்பதே பரவலான கருத்து. உணவகங்களைத் தரம்பிரிக்கும் மிஷலின் வழிகாட்டி தனது 2020 பதிப்பில் சியாங் மாயையும் சேர்த்துக்கொண்ட பிறகு, அதில் இடம்பெற்ற காவ் சோய்க் கடைகளின் முன் வரிசை நீண்டது. நான் சொல்லும் கடையிலும் காவ் சோய் உண்டு. ஆனால் அது சுமார்தான். குழம்பு நீர்த்திருக்கும், தேங்காய்ப்பால் அட்டைப் பெட்டியிலிருந்து ஊற்றியது என்பது முதல் வாயிலேயே தெரிந்துவிடும். அதை மட்டும் சாப்பிட்டுவிட்டுக் கடையை மட்டமாக எடைபோட்டுச் சென்றவர்களை நான் அறிவேன். இக்கடையின் தரம் சட்டிகளில் இருக்கிறது. அந்தச் சட்டிகளில் பெரும்பாலானவற்றில் தேங்காய்ப்பால் என்ற பேச்சுக்கே இடமில்லை. தென்னை செழிக்கும் நடுச் சமவெளியின் இனிப்புக் கலந்த குழம்புகளை மட்டுமே தாய்லாந்துச் சாப்பாடு என்று எண்ணியிருப்பவருக்கு, புளிப்பும் கசப்பும் கருகிய மணமும் மேலோங்கிய இந்த மலைநாட்டுச் சமையல் முதலில் சற்று முரடாகவே தோன்றும்.

சட்டிகளில் நான் முதலிடம் தருவது கேங் ஹங்லேக்குத்தான். 1296இல் மங்ராய் மன்னர் நிறுவிய இந்நகரம் 1558 முதல் 1774 வரை பர்மியர் ஆட்சியில் இருந்தது. அத்தொடர்பின் சுவடு இக்குழம்பில் அப்படியே தங்கியிருக்கிறது. தோலும் கொழுப்பும் அடுக்கடுக்காக அமைந்த பன்றியின் வயிற்றுப்பகுதிக் கறியை, மல்லி, சீரகம், மஞ்சள் சேர்ந்த ஒரு மசாலாப் பொடியோடு பிசறி, புளிக்கரைசலும் தீக்குச்சி கனத்தில் சீவிய இஞ்சியும் முழுதாக ஊறவைத்த பூண்டுப் பற்களும் நிலக்கடலையும் சேர்த்து மணிக்கணக்கில் சிறுதீயில் வேகவைக்கிறார்கள். நம் மசாலாவுக்குப் பழகிய நாக்கு வடக்கத்தி உணவுகளில் எளிதில் ஒட்டிக்கொள்வது இதனோடுதான். இக்கடையின் ஹங்லேயில் கறித்துண்டைக் கரண்டியின் விளிம்பாலேயே வெட்டிவிடலாம். தோல் மட்டும் மெல்லிய இழுவையோடு நிற்கும். இஞ்சி வெந்து காரம் இழந்திருந்தாலும் நார் பிரியாமல் தனித்தனியாகக் கிடக்கும். அன்று சமைத்ததைவிட மறுநாள் சூடாக்கியதே மேல் என்று பா தாமே சொல்வார். அதனால் முந்தைய நாள் பானையில் எஞ்சியிருக்கிறதா என்றுதான் நான் முதலில் விசாரிப்பேன்.

'நாம் பிரிக் நும்' என்ற பச்சைமிளகாய்த் துவையலை இங்கே கண்முன்னேயே செய்கிறார்கள் என்பது இக்கடைக்கு நான் தொடர்ந்து செல்வதற்கு மற்றொரு காரணம். விரல் நீள வெளிர்ப்பச்சை மிளகாய்களைக் கரி அடுப்பின் கம்பிவலையில் பரப்பி, தோல் முழுவதும் கறுத்து உப்பும்வரை புரட்டுகிறார்கள். குச்சியில் கோத்த பூண்டும் சின்ன வெங்காயமும் பக்கத்திலேயே தோலோடு சுடப்படுகின்றன. பிறகு கருகிய தோலை விரலால் வழித்தெடுத்துவிட்டு, உரலில் இட்டு, அரைபடாமல் இழை இழையாகப் பிரியும் அளவுக்கு மட்டும் இடிக்கிறார்கள். முழுதும் மசிந்துவிட்டால் அது வேறு பண்டமாகிவிடும். மிக்ஸியில் அடித்த துவையலை இந்நகரின் சந்தைகளில் டப்பாக்களில் வாங்கிவிடலாம். ஆனால் அதில் அந்த இழையும் இல்லை, ஆங்காங்கே தங்கிப்போன கறுப்புத் தோல் துணுக்குகளின் புகை மணமும் இல்லை. இதற்குத் துணையாக வேகவைத்த பூசணி, காராமணிக் காய், கத்தரிக்காய், முட்டைக்கோஸ் ஆகியவற்றோடு பொரித்த பன்றித்தோலும் வரும். சோறு என்றால் ஒட்டரிசிச் சோறுதான். கவுனி அரிசிச் சோறு உண்டவர்களுக்கு அதன் பிசுபிசுப்பு புதிதன்று. ஆனால் இங்கே அது ஆவியில் வெந்து, சிறு மூங்கில் கூடையில் வந்து, கையால் கிள்ளி உருட்டித் துவையலைத் தொட்டுக்கொள்ளும் கருவியாகவே பயன்படுகிறது. வலது கை விரல்களால் உண்பதில் நமக்குக் கூச்சமில்லை என்பதைப் பார்த்தபிறகு பா எனக்கு முள்கரண்டி வைப்பதையே நிறுத்திவிட்டார்.

குளிர்மாதங்களில், அதாவது நவம்பர் முதல் ஜனவரி வரை, பூத்த கடுகுக்கீரைத் தண்டுகளைப் பன்றி விலாவெலும்போடு புளியிட்டுக் கொதிக்கவைக்கும் சோ பக்காட் என்ற ரசம் போன்ற உணவு கிடைக்கும். அதில் துவா நாவ் எனப்படும், சோயா மொச்சையைப் புளிக்கவைத்துத் தட்டித் தட்டையாகக் காயவைத்த வில்லையைச் சுட்டுப் பொடித்துப் போடுகிறார்கள். வறுத்த காய்ந்த மிளகாயை மேலே தூவுகிறார்கள். துவா நாவின் வாடை எல்லோருக்கும் ஒத்துவராது என்பதை மறைக்க விரும்பவில்லை. எனக்கும் முதல் குளிர்காலம் முழுவதும் ஒத்துவரவில்லை. தக்காளியும் விலாவெலும்பும் உறைந்த இரத்தத் துண்டுகளும் சேர்ந்த 'நாம் ஙியாவ்' என்ற சாற்றை அரிசி நூடுல்ஸின்மேல் ஊற்றித் தருவதும் உண்டு. அதில் மிதக்கும் சுள்ளி போன்றவை முள்ளிலவ மரத்துப் பூவிலிருந்து எடுத்துக் காயவைத்த மகரந்தத் தாள்கள் என்று அறிந்தபோது, நம்மூரில் உதிர்ந்து வீணாகும் பூவின் நினைவு வந்தது. இரத்தத் துண்டு வேண்டாம் என்றால் அதைத் தவிர்த்துத் தருவார்கள்.

மழை தொடங்கும் மே, ஜூன் மாதங்களில் ஒரு சட்டிக்கு மட்டும் திடீரென்று விலை உயரும். அது ஹெட் தோப் என்ற காளான் குழம்பு. கோலிக்குண்டு அளவில், மண்ணுக்குள்ளிருந்து தோண்டியெடுக்கப்படும் அக்காளான் பல்லில் பட்டதும் சட்டென்று உடையும். அந்த ஓர் உணர்வுக்காகவே மக்கள் பணம் தருகிறார்கள். ஆனால் இதைத் தனியே பாராட்டிவிட்டுப் போக முடியவில்லை. காட்டுத் தரையை எரித்தால் இக்காளான் நன்றாக விளையும் என்ற நம்பிக்கை இங்கே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. தீயால் சருகு நீங்கி, காளான் கண்ணில் எளிதாகப் படுகிறது என்பதே உண்மை என்று அறிந்தவர்கள் கூறுகிறார்கள். மக்காச்சோளத் தாள்களை எரிப்பது உட்பட வேறு காரணங்களும் சேர்ந்து, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நகரத்தைப் புகை மூடிவிடுகிறது. முன்பக்கம் முழுவதும் திறந்திருக்கும் இக்கடையில் அம்மாதங்களில் அமர்ந்து சாப்பிடுவது உடலுக்குக் கேடு. நான் குழம்பைப் பொட்டலமாக வாங்கிச் சென்றுவிடுவேன். ஜூனில் அதே காளானை அதே மேசையில் இருந்து சாப்பிடும்போது சற்று உறுத்தத்தான் செய்கிறது.

லாப் என்ற கொத்துக்கறி உணவைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும். வடகிழக்கின் எலுமிச்சைப் புளிப்பு லாப் வேறு. இங்குள்ளது திப்பிலி வகையும் மக்வேன் என்ற, நாக்கை மரக்கச் செய்து ஆரஞ்சுத்தோல் மணம் வீசும் காய்ந்த காயும் சேர்ந்த கறுத்த மசாலாவில் பிசைந்த கொத்துக்கறி. பச்சைக் கறியாகவே உண்பதும் இவ்வட்டாரத்து வழக்கம். பச்சைப் பன்றிக்கறியால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ் என்ற கிருமி தொற்றிக் காது கேளாமை, மரணம் வரை போனவர்கள் இருக்கிறார்கள். எனவே கேட்கும்போதே வறுத்தது என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இக்கடையில் வறுத்த லாப் நன்றாகவே இருக்கும்; மக்வேனைக் கையளந்து போடாமல் அள்ளிப் போடுகிறார்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. அறிவிப்பின்றிக் கடையை மூடிவிடுவார்கள். ஏப்ரல் நடுவே சொங்க்ரான் புத்தாண்டுக்கு மூன்று நாள் மூடுவது நியாயம், ஆனால் வேலைநாளில் வெயிலில் நடந்துபோய்ப் பூட்டிய கதவைப் பார்ப்பது எரிச்சல். நான் வந்த புதிதில் 40 பாத்துக்குக் கிடைத்த கிண்ணம் இப்போது 60 பாத். விலை ஏறியதைவிடக் கிண்ணம் சிறுத்ததே எனக்கு வருத்தம். செயலிகள் வழியே வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கியபின், ஹங்லேயில் சர்க்கரையின் அளவு கூடியிருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. பாவிடம் கேட்டபோது, "இளசுகள் இப்படித்தான் கேட்கிறார்கள்" என்றார். எலுமிச்சைப்புல்லும் மஞ்சளும் பேரரத்தையும் மணக்கும் சாய் உவா என்ற சுருள் தொத்திறைச்சி காலையில் கரியில் சுட்டதாக இருந்தால் அருமை. பிற்பகலில் மைக்ரோவேவில் சூடாக்கித் தந்தால் அதன் உறை ரப்பராகிவிடும். பிற்பகலில் அதை வாங்காதீர்கள்.

மரக்கறி உண்போருக்கு இக்கடையை நான் பரிந்துரைக்க மாட்டேன். பலாப்பிஞ்சை வேகவைத்து இடித்து மிளகாய் விழுதோடு வதக்கும் தம் கனுன் என்ற உணவைப் பார்த்தால் நம்மூர்ப் பொரியலை ஒத்திருக்கும். உள்ளே கொத்துப் பன்றிக்கறி இருக்கும். மிளகாய்த் துவையலிலும் இறால் விழுதோ புளிக்கவைத்த மீனோ கலந்திருக்கும். மீன் சாறு சேராத சட்டி ஒன்றுகூட அங்கே இல்லை. 'சே' என்ற எழுத்துள்ள மஞ்சள் கொடி கட்டிய கடைகளை நாடுவதே அவர்களுக்கு நல்லது; அங்கே பூண்டு, வெங்காயம்கூட இராது. முஸ்லிம் நண்பர்கள் பான் ஹோ பள்ளிவாசலைச் சுற்றியுள்ள கடைகளுக்குச் செல்லலாம். அங்கே ஹலால் காவ் சோய் கோழியிலும் மாட்டிறைச்சியிலும் கிடைக்கிறது. காவ் சோய் என்றால் நானும் அங்கேதான் போகிறேன்.

போகிறவர்கள் காலை பதினொரு மணிக்குள் போய்விடுவது நல்லது. பன்னிரண்டுக்கு அலுவலகக் கூட்டம் வந்தால் நல்ல சட்டிகள் முதலில் காலியாகும், இரண்டுக்கு மேல் காவ் சோய்தான் மிஞ்சும். உள்ளூர் வங்கிக் கணக்கில்லாதவர்கள் சில்லறைப் பணம் கொண்டுபோக வேண்டும். சுவரில் ஒட்டிய கியூஆர் குறியீட்டின் வழியே கணக்கிலிருந்து செலுத்தலாம், அட்டை செல்லாது. ஹங்லேயை இரண்டு பங்காக வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றை அங்கேயே சாப்பிடலாம். மற்றொன்றைக் காற்றடைத்து ரப்பர் வளையம் சுற்றித் தரும் பிளாஸ்டிக் பையில் வாங்கி, குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் மேலே உறைந்த கொழுப்பில் பாதியை வழித்தெறிந்துவிட்டுச் சிறுதீயில் சூடாக்கினால், கூடுதலாகச் சேர்ந்துவிட்ட இனிப்புகூட அவ்வளவாகத் தெரிவதில்லை.