1,480 வெள்ளி வாங்கிக்கொண்டு கோளாற்றைத் தொடாமலே அனுப்பிய கார்ப் பட்டறை: எச்சரிக்கை

எஞ்சின் ‘மிஸ்ஃபயர்’ ஆகிறது, அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று சொல்லி, காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தருவது), பிளக் (பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியைத் தருவது), இன்ஜெக்டர் (பெட்ரோலைத் தெளிப்பது) என எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக மாற்றச் சொல்லும் பட்டறைகளிடம் தயவுசெய்து எச்சரிக்கையாக இருங்கள். சிங்கப்பூரில் தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றில் இயங்கும் பட்டறை என்னிடம் 1,480 வெள்ளி (டாலர்) வாங்கிக்கொண்டு, மாற்றியதாகச் சொன்ன பாகங்களில் பெரும்பாலானவற்றை மாற்றாமலும், உண்மையான கோளாற்றைத் தொடாமலும் காரைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. நேற்று மாலைதான் இது எனக்குத் தெரியவந்தது. சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகவிருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

என்னுடையது எட்டு ஆண்டு பழைய, நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் வண்டி குலுங்கத் தொடங்கியது. தீவு விரைவுச்சாலையில் நுழைவதற்காக வேகமெடுத்தபோது இழுவை குறைந்து, எஞ்சின் எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு மின்னியது. அந்த விளக்கு நிலையாக எரிந்தால் பட்டறைக்குக் கொண்டுபோக ஓரளவு அவகாசம் உண்டு. மின்னினால், சிலிண்டரில் எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியாகப் போய், புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரை அளவுக்கு மீறிச் சூடாக்கிக் கெடுத்துவிடும் என்பதால், வேகத்தைக் குறைத்து விரைவில் நிறுத்தியாக வேண்டும். ஆகவே அருகில் இருந்த பட்டறைக்கே போனேன்.

முகப்பில் இருந்த இளைஞர் தமிழில் பேசினார். எதற்காக அவசரப்படுகிறேன் என்று பரிவோடு கேட்டார். வாரத்துக்கு மூன்று முறை அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப்போகும் வண்டி இது என்று சொன்னேன். பிறகு ஸ்கேனரைப் பொருத்தி, திரையில் தெரிந்த ‘பி0303’ என்ற குறியீட்டைக் காட்டினார். “பாருங்க அக்கா, கம்ப்யூட்டரே சொல்லுது, காயில் போயிடுச்சு. ஒண்ணு போனா மத்ததும் போகும். அம்மாவ வச்சுக்கிட்டு எக்ஸ்பிரஸ்வேல நின்னுட்டா என்ன பண்ணுவீங்க?” என்றார். டிஷ்யூ தாளில் கரி படிந்த ஒரு பிளக்கையும் வைத்துக் காட்டினார். என் அம்மாவின் நோயை என்னிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை வைத்தே என்னிடம் பணம் பறித்திருக்கிறார். இதை நினைக்கும்போது ஏற்படும் ஆத்திரம் பணம் போனதைக் காட்டிலும் பெரிது.

நான்கு காயில்களுக்கு 720, நான்கு இரிடியம் பிளக்குகளுக்கு 240, இன்ஜெக்டர் சுத்திகரிப்புக்கு 220, எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்து கம்ப்யூட்டரை ‘ரீசெட்’ செய்ய 180, கூலி 120, மொத்தம் 1,480 வெள்ளி. ரசீதில் ‘காயில், பிளக், சர்வீஸ்’ என்று மட்டுமே கையால் எழுதித் தந்தார்கள். பணத்தைப் பேநவ் (வங்கிக்கணக்குப் பணமாற்றுச் சேவை) வழியாக ஒரு கைப்பேசி எண்ணுக்கு அனுப்பச் சொன்னார்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டதற்கு, “தூக்கிப் போட்டாச்சு அக்கா” என்று பதில் வந்தது.

சில நாள்களில் அதே குலுக்கல் திரும்பியது. திரும்பப் போனபோது, புது பிளக் ‘செட்’ ஆகச் சற்று நாளாகும் என்றார்கள். பிளக் என்பது பொருத்திய நொடியிலிருந்து வேலை செய்ய வேண்டிய பாகம். அது பழகுவதற்குக் காலம் எதுவும் தேவையில்லை. அடுத்த முறை, மலேசியாவின் ஜோகூரில் பெட்ரோல் போட்டீர்களா என்று கேட்டார்கள். அம்மாவின் சிகிச்சை தொடங்கியதிலிருந்து நான் ஜோகூருக்குப் போகும் பாலத்தைத் தாண்டியதே இல்லை. அதன்பின் முதலாளி வந்து, கேட்டலிடிக் கன்வர்ட்டர் கெட்டுவிட்டது, அதை மாற்ற இன்னும் 1,900 வெள்ளி ஆகும் என்றார். “அக்கா” என்று அழைத்த இளைஞர் அன்று “மேடம், உங்க வண்டி பழசு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளில் நீலக் குறிகள் விழுந்தன; பதில் மட்டும் வரவில்லை.

நேற்று, அண்டை வீட்டார் சொன்ன ஒரு சிறிய பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த வயதான சீன மெக்கானிக் முதலில் எதையும் மாற்றச் சொல்லவில்லை. பி0303 என்பது மூன்றாவது சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்பதை மட்டுமே சொல்கிறது, ஏன் தவறுகிறது என்பதை அது சொல்லாது என்று விளக்கினார். மூன்றாவது காயிலை வெளியே இழுத்தார். அதன் ரப்பர் உறை எண்ணெயில் ஊறி உப்பிப்போயிருந்தது. காயில் இருந்த குழிக்குள் டார்ச் அடித்தபோது பிளக்கின் தலையைச் சுற்றி எஞ்சின் எண்ணெய் தேங்கிப் பளபளத்தது. எஞ்சின் மேல்மூடியின் இடைவெளியை அடைக்கும் வால்வு கவர் கேஸ்கெட் கிழிந்து எண்ணெய் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. அந்தக் கசிவை நிறுத்தாமல் எத்தனை புதிய காயில் போட்டாலும் அவையும் ஊறிப்போகும்.

அது மட்டுமில்லை. மற்ற மூன்று காயில்களும் கார் தயாரிப்பாளரின் முத்திரை பதித்த பழைய காயில்களே. புதியது ஒன்றே ஒன்று, அதிலும் எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லை. இரிடியம் பிளக்கின் நடு முனை ஊசிபோல் மெல்லியதாக இருக்கும்; என் வண்டியில் இருந்த நான்குமே தடித்த முனையுள்ள மலிவான நிக்கல் பிளக்குகள். கேஸ்கெட், ஒரு நல்ல காயில், சரியான பிளக்குகள், கூலி எல்லாம் சேர்த்து அவர் வாங்கியது 430 வெள்ளி. கேட்டலிடிக் கன்வர்ட்டர் நன்றாகவே இருக்கிறது. குலுக்கல் நின்றுவிட்டது.

1,480 வெள்ளியைத் திருப்பிக் கேட்டேன். “வேலை செஞ்சாச்சு, காசு திரும்ப வராது” என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்கள். படங்களையும், இரண்டாவது மெக்கானிக் எழுதிக் கொடுத்த குறிப்பையும் சேர்த்து வைத்திருக்கிறேன். பயனீட்டாளர் சங்கத்திடம் முறையிட்டுவிட்டு, சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகிறேன். 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அது விசாரிக்கிறது, வழக்கறிஞர் வேண்டியதில்லை, சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதவே உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. இவற்றையாவது செய்யுங்கள். சந்தேகப்படும் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்; குறியீடும் கூடவே இடம் மாறினால்தான் காயில் பழுது. காயில் குழியில் எண்ணெய் இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். பழைய பாகங்களை எடுத்துவைக்கும்படி வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். ரசீதில் ஒவ்வொரு பாகத்தின் பெயரும் எண்ணிக்கையும் இருக்க வேண்டும். நிறுவனத்தின் பதிவெண்ணுக்கு இல்லாமல் யாரோ ஒருவருடைய கைப்பேசி எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொன்னால், சம்மதிக்காதீர்கள்.