ஹம்பி: கைடா, கைப்பேசியா?

கர்நாடகாவில், விஜயநகரப் பேரரசின் தலைநகராக இருந்த ஹம்பியில் இரண்டு நாள் இருந்தோம். முதல் நாள் வாடகை சைக்கிள், கையில் வரைபடத்தோடு கைப்பேசி. மறுநாள் உள்ளூர் கைடு ஒருவர், அவரே பேசிவிட்ட ஆட்டோ. என் ஓட்டு கைடுக்குத்தான்.

சைக்கிளில் செலவு குறைவு, நினைத்த இடத்தில் நிற்கலாம், வெயில் மண்டையைப் பிளக்கும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பக்கத்து ஊரான ஹோஸ்பேட்டிலிருந்து ஒரே நாளில் சுற்றிக்காட்டும் வேன்களும் உண்டு. அதில் நான் போனதில்லை, ஆனால் அப்படி வந்தவர்கள் எங்கள் கண் முன்னாலேயே படம் எடுத்துக்கொண்டு ஓடியதைப் பார்த்தேன்.

எனக்கு முடிவு செய்துகொடுத்தது ஒன்றே ஒன்று: எதைப் பார்ப்பது என்பது. விட்டலர் கோயில் கல் தேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது ரூபாய் நோட்டில் இருக்கிறதே, அதுதான். முதல் நாள் சுற்றிச் சுற்றி இருபது படம் எடுத்தேன். மறுநாள் திரும்பவும் டிக்கெட் எடுத்து உள்ளே போனோம். "தேரை இழுக்கறது என்ன சார்?" என்றார் கைடு, கன்னடம் கலந்த தமிழில். யானை என்றேன். "யானைக்குப் பின்னாடி பாருங்க." குனிந்து பார்த்தால் குதிரையின் பின்னங்கால், வால்! முதலில் இருந்தவை குதிரைகளாம்; யானைகள் பிறகு கொண்டுவந்து வைக்கப்பட்டவை. இருபது படத்திலும் அந்த வால் விழுந்திருக்கிறது, என் கண்ணில்தான் விழவில்லை.

கிருஷ்ணர் கோயிலிலும் இதே கதை. கருவறை காலி, 'ஒன்றுமில்லை' என்று முதல் நாள் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். கைடு எங்களை வளாகத்தில் இருந்த கல்வெட்டின் முன் நிறுத்தினார். கிருஷ்ணதேவராயர் இன்றைய ஆந்திரத்தில் இருக்கும் உதயகிரியை வென்று, அங்கிருந்து பாலகிருஷ்ணர் சிலையைக் கொண்டுவந்து இங்கே வைத்தார் என்று விளக்கினார். சரி, சிலை எங்கே? "உங்க மெட்ராஸ் மியூசியத்துல." எழும்பூருக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன், ஒருமுறைகூட அதைத் தேடிப் பார்த்ததில்லை. ஹசார ராமர் கோயில் சுவரில் ராமாயணம் மூன்று வரிசையாக ஓடுகிறது. எந்த மூலையில் தொடங்குவது என்று தெரியாமல் முதல் நாள் கதையின் நடுவில் நுழைந்து நடுவிலேயே வெளியே வந்திருந்தோம்.

கைடு சொன்னதையெல்லாம் அப்படியே நம்பச் சொல்லவில்லை. விட்டலர் கோயிலில், தட்டினால் ஒலிக்கும் இசைத் தூண்களுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வெள்ளைக்காரன் இரண்டை அறுத்தான் என்ற கதையைக் கேட்டுக்கொண்டதோடு சரி. (தூண்களைத் தட்ட இப்போது தடை. கைடு தன் கைப்பேசியில் இருந்த பழைய ஒலிப்பதிவை ஓட்டிக் காட்டினார்.) விஜயநகரம் தோற்ற தலைக்கோட்டைப் போர் 1565, யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஹம்பி சேர்ந்தது 1986 என்பது போன்ற கணக்குக்குக் கைப்பேசியே போதும். நடுவில் ஒரு கைவினைக் கடைக்கும் கூட்டிப்போனார். வேண்டாம் என்றதும் வற்புறுத்தவில்லை.

ஒரே ஒரு கைடோடு போன அனுபவம் இது. எங்களுக்கு நல்லவராக வாய்த்திருக்கலாம். சுற்றுலாத் துறை அடையாள அட்டையைப் பார்த்து, அரை நாளா முழு நாளா, ஆட்டோ வாடகை சேர்த்தா என்று முன்பே பேசிவிடுங்கள். நுழைவுச் சீட்டு எங்களுக்குத் தனிதான்.

மதங்க மலை, ஹேமகூடம், துங்கபத்திரைக் கரை இங்கெல்லாம் கைடு வேண்டவே வேண்டாம், பேச்சே தொந்தரவு. ஆகவே முதல் நாள் கைடு, மறுநாள் சைக்கிள். நாங்கள் இதைத்தான் தலைகீழாகச் செய்து, விட்டலர் கோயிலுக்கு இரண்டு முறை டிக்கெட் எடுத்தோம்.