பன்னிரண்டு கிறிஸ்துமஸ் கண்ட அச்சுமுறுக்கு அச்சு

பரமக்குடியில் பிறந்து ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் வாழ்க்கைப்பட்ட எனக்கு உப்புக்காற்றின் குணத்தைக் கற்றுக்கொடுத்தது ஓர் இரும்பு அச்சு. 2013 டிசம்பரில் ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் வாங்கினேன். எட்டு இதழ்ப் பூ, கனமான வார்ப்பு, நீளமான கைப்பிடி. முதல் ஆண்டு சுட்டு முடித்ததும் கழுவித் துடைத்து, நாளிதழில் சுற்றி, அடுப்படி ஆணியில் மாட்டினேன். என் அம்மா வீட்டில் அப்படித்தான் வைப்போம். அடுத்த நவம்பரில் பிரித்தபோது தாள் அச்சோடு ஒட்டியிருந்தது. இதழ் இடுக்கெல்லாம் செந்துரு.

எங்கள் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. எந்தப் பக்கம் காற்றடித்தாலும் உப்போடுதான் வரும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானே நீர்த்துவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இங்கே அதற்குக் குறைவது அரிது. அந்த உப்புநீரைத் தாள் உறிஞ்சி, இரும்போடு சேர்த்தே பிடித்து வைத்திருக்கிறது. அன்றிலிருந்து தாளில் எதையும் சுற்றுவதில்லை.

துருப்பிடித்த அச்சைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. புளியைக் கரைத்து ஓர் இரவு ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்தேன். பிறகு அரிசி கழுவிய நீரில் ஒரு நாள், தேங்காய் எண்ணெயில் இரண்டு நாள். முதல் ஏழெட்டுப் பூக்கள் பிய்ந்துதான் வந்தன. அதன் பிறகு அச்சு படிந்துவிட்டது.

இப்போது கடைப்பிடிக்கும் முறை இதுதான். சுட்டு முடித்ததும் சோப்புப் போடுவதில்லை. கொதிக்கும் வடிகஞ்சியில் முக்கி, துணியால் துடைத்து, அடுப்புத் தணலுக்கு மேலே ஈரம் முழுவதும் போகும்வரை பிடிப்பேன். சூடு இருக்கும்போதே தேங்காய் எண்ணெய் தடவி, எண்ணெய் நனைத்த பழைய வேட்டித் துணியில் சுற்றி, மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துவிடுவேன். ஓர் ஆண்டு கடலை எண்ணெய் தடவிப் பார்த்தேன். பதினொரு மாதத்தில் அது பிசினாகி, சுரண்டி எடுக்க அரை நாள் ஆனது. தேங்காய் எண்ணெய் அப்படி இறுகுவதில்லை.

மாமியாரிடம் ஒரு பித்தளை அச்சு உண்டு. பச்சைக் களிம்பு படியும், புளி போட்டால் போய்விடும், துருப்பிடிக்கும் கவலையே இல்லை. இன்று புதிதாக வாங்குகிறவர்களுக்கு, கடற்கரை ஊர் என்றால், பித்தளையைத்தான் சொல்வேன். நான்காம் ஆண்டு அலுமினிய அச்சு ஒன்றையும் வாங்கினேன். கைக்கு இலேசாக இருந்தது. ஆனால் கனம் இல்லாததால் மாவில் முக்கியதுமே சூடு இறங்கி, மாவு பிடிக்கவே இல்லை. அந்தப் பணம் வீண். ஓர் அச்சு எண்ணெயில் காயும்போது இன்னொன்று மாவில் இருந்தால் வேலை பாதியாகக் குறையும் என்பதால் இரும்பும் பித்தளையும் இப்போது ஒன்றாகவே இறங்குகின்றன.

மாவுக்கு என் கணக்கு: ஊறவைத்து இடித்த பச்சரிசி மாவு நான்கு டம்ளர், மைதா அரை டம்ளர், பொடித்த சர்க்கரை ஒன்றே கால் டம்ளர், முட்டை இரண்டு, கறுப்பு எள் கொஞ்சம், தேங்காய்ப் பால் தோசை மாவுப் பதம் வரும்வரை. சர்க்கரை கூடினால் பூ கறுத்து அச்சில் ஒட்டும். அச்சு முக்கால் பங்குதான் மாவில் நனைய வேண்டும். மேல் விளிம்பை மாவு மூடிவிட்டால் பூ கழன்று வராது. எண்ணெயில் முக்கிக் கொஞ்ச நேரம் பொறுத்து, மெல்ல ஒரு தட்டுத் தட்டினால் இதழ் இதழாக விலகி மிதக்கும். எத்தனை ஆண்டு சுட்டாலும் அந்த நொடியைப் பார்க்க எனக்கு ஆசை தீர்வதில்லை. கடலுக்கு அந்தப்புறம், இலங்கையில், ஏறக்குறைய இதே பலகாரத்தைக் கொக்கிஸ் என்கிறார்கள்.

சுடுவதைவிட மொறுமொறுப்பைக் காப்பதுதான் இங்கே பெரும்பாடு. மழை மூட்டத்தில் அரை மணி நேரம் திறந்து கிடந்தாலே நமத்துவிடும். சூடாக மூடினாலும் தன் ஆவியிலேயே நமத்துவிடும். அதனால் வானம் வெளுத்த நாளாகப் பார்த்து, காலை பத்து மணிக்கு மேல் தொடங்குவேன். மாமியார் ஒரு முறுக்கை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். சூடு தெரியவில்லை என்றால் உடனே எவர்சில்வர் தூக்குக்குள் போய்விடும். அடியில் ஒரு கைப்பிடி வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து போடுவோம். ஈரத்தை அது வாங்கிக்கொள்ளும். படம் போட்ட பிஸ்கெட் தகரங்களை நம்ப வேண்டாம், மூடி விளிம்பில் துரு ஏறி, வாடை பலகாரத்துக்கும் வந்துவிடும். இந்த முறையில் டிசம்பர் 14 வாக்கில் சுட்டது, நள்ளிரவுத் திருப்பலி முடிந்து அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தட்டு கொடுக்கும்போதும் கடித்தால் சத்தம் கேட்கிறது.

கேக்குக்கு மின் அடுப்பும் வைத்திருக்கிறேன், நல்ல பொருள்தான். ஆனால் மழைக்காலத்தில் பாதியில் மின்சாரம் போய் இரண்டு முறை கேக் நடுவில் அமுங்கிவிட்டது. இன்வெர்ட்டர் அந்தச் சுமையைத் தாங்காது. இப்போது பழைய குக்கரில் மணல் பரப்பி, வளையமும் விசிலும் எடுத்துவிட்டுச் சுடுகிறேன். மணலுக்குப் பதில் உப்பு போடச் சொல்வார்கள். அலுமினியக் குக்கரில் போட்டுப் பார்த்தேன், அடியில் புள்ளி புள்ளியாக அரித்துவிட்டது. கடற்கரை மணலும் அப்படியே ஆகாது, அதில் உப்பு இருக்கிறது. ஆற்று மணலை நல்ல தண்ணீரில் பல முறை அலசிக் காயவைத்துப் பயன்படுத்துங்கள்.

டிசம்பர் தொடக்கத்திலேயே கேஸ் குழாயில் அச்சிட்டிருக்கும் ஆண்டைப் பார்த்துவிடுவேன், ஐந்து ஆண்டு ஆகிவிட்டால் மாற்றிவிட வேண்டும். வாசல் நட்சத்திரத்துக்குத் தாள் வேண்டாம், பிளாஸ்டிக்கே மழைக்குத் தாங்கும். மாமியார் இன்றும் 20-ஆம் தேதிக்குள் மண்ணெண்ணெயும் அரிக்கன் விளக்கும் எடுத்து வைத்துவிடுவார். 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனதைக் கேட்டு வளர்ந்தவர் அவர். நான் அதைத் தடுப்பதில்லை.

இரும்பு அச்சில் இன்னும் தீராத குறை கைப்பிடிதான். ஆறாம் ஆண்டில் பற்றவைப்பு விட்டு, பூ எண்ணெய்க்குள் விழுந்தது. பாம்பனில் படகுச் சாமான்கள் பழுது பார்க்கும் பட்டறையில் திரும்பப் பற்றவைத்துக் கொடுத்தார்கள். இப்போது அதே இடத்தில் மறுபடி மெல்லிய கீறல் தெரிகிறது. இந்த முறை எவர்சில்வர் கம்பி போட முடியுமா என்று கேட்டிருக்கிறேன். மாவு கரைக்கும் நாளுக்கு முன்பு வந்துவிட வேண்டும்.